வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பூட்டு: யாரைத் தடுக்க என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். கம்பத்தில் வீடு, மலைமேல் கேரளாவில் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம். வீட்டு முன்னறையில் ஒரு பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் 10. டாலி கணக்கு, ஆள் சம்பள லிஸ்ட், புட்டடிக்கும் போடிக்கும் ஏலத்துக்கு அனுப்பிய காய் விவரம், அப்பாவின் பேங்க் லாகின் எல்லாம் அதில்தான். இது போக ஒரு புது லேப்டாப், அது ஜீப்பில் மேலே போய் வருகிறது. ரெண்டு நாள் தோட்டத்தில் தங்கிவிட்டு இறங்கி வந்து பார்த்தால் மவுஸ் இடம் மாறிக் கிடக்கிறது, டெஸ்க்டாப்பை யாரோ நோண்டியிருக்கிற மாதிரி இருக்கிறது, இதுவரை பாஸ்வேர்டே போட்டதில்லை, அக்கா மகன் மேல் சந்தேகம். பாஸ்வேர்டு போட்டால் போதுமா, யாராலும் உடைக்க முடியாதபடி எப்படிப் போடுவது என்று கேட்கிறீர்கள்.

நான் குமுளியிலும் கம்பத்திலுமாக இருபது வருடத்துக்கு மேல் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவன். யாராலும் உடைக்க முடியாத பூட்டு வேண்டும் என்று கேட்டு வந்தவர்களைவிட, தான் போட்ட பூட்டைத் தானே திறக்க முடியாமல் முழித்துக்கொண்டு வந்தவர்கள்தான் என் கடைக்கு அதிகம். அதனால் பூட்டைப் பற்றிப் பேசும்போதே சாவியைப் பற்றியும் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் சந்தேகம் நிஜமா என்று பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். வரிசையாகத் தேதியும் நேரமும் ஓடும். என்ன எழுதியிருக்கிறது என்று புரிய வேண்டியதில்லை, நீங்கள் மேலே இருந்த அந்த ரெண்டு நாளில் ஏதாவது பதிவு விழுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விழுந்திருந்தால் அந்த நேரத்தில் மெஷின் ஓடியிருக்கிறது. இப்படி ஒருவருக்குப் பார்த்துக் கொடுத்தேன்: தினமும் சாயங்காலம் 4.20-க்கு ஆன் ஆகி 6 மணிக்குள் ஆஃப் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது?

யாரைத் தடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பூட்டு. வீட்டுப் பிள்ளைகள், வந்து போகிற சொந்தக்காரர்கள், கணக்கு எழுத வருகிறவர், இவர்கள் ஒரு ரகம். கையில் பெண்டிரைவோடு கொஞ்சம் விஷயம் தெரிந்த ஆள் இன்னொரு ரகம், சர்வீஸ் கடைப் பையனும் இதில் சேர்த்தி. மெஷினையே தூக்கிக்கொண்டு போகிறவன் மூன்றாவது. லாகின் பாஸ்வேர்டு முதல் ரகத்தை நன்றாகத் தடுக்கும். மற்ற ரெண்டு பேருக்கும் அது வெறும் கொக்கி.

பாஸ்வேர்டு திருட்டே வீட்டுப் பிள்ளை புத்தியில்தான் ஆரம்பித்தது என்றால் நம்புவீர்களா? 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் பகிர்ந்து பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள், ஆளுக்கொரு பாஸ்வேர்டு வந்தது அதில்தான். 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் மெஷினில் இடம், அவருக்கு அது போதவில்லை. எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த ஃபைலை அப்படியே பிரிண்ட் எடுத்துக்கொண்டு மற்றவர்கள் கணக்கில் நுழைந்து வேலையைப் பார்த்தார். ரகசியம் திருட அல்ல, கூடுதல் நேரத்துக்காக. உங்கள் அக்கா மகனும் அதே கட்சியாகத்தான் இருப்பான், கேம் விளையாட நேரம் வேண்டும், அவ்வளவுதான். அவனிடம் கோபப்படுவதைவிட அவனுக்கென்று தனியாக ஒரு அக்கவுண்ட் போட்டுக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் போய் ஃபேமிலி அல்லது அதர் யூசர்ஸில் ஒரு புது ஆளைச் சேருங்கள். அது ஸ்டாண்டர்டு யூசராக இருக்கட்டும், அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்காதீர்கள். உங்கள் அக்கவுண்ட்டுக்குப் பாஸ்வேர்டு போட்டுவிட்டால் உங்கள் டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் இதையெல்லாம் அவன் திறக்கப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். ஆனால் இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது, பெரும்பாலோர் கவனிப்பதில்லை. நம் ஊரில் எந்தக் கடையில் விண்டோஸ் போட்டாலும் டிஸ்க்கை சி, டி என்று ரெண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள், முக்கியமானதையெல்லாம் டி-யில் போடுங்கள், ஃபார்மேட் பண்ணினாலும் போகாது என்பார்கள். அந்த டி டிரைவ் அந்த மெஷினில் நுழைகிற எல்லோருக்கும் பொது. நீங்கள் பத்து எழுத்துப் பாஸ்வேர்டு போட்டு உள்ளே உட்கார்ந்திருக்க, டாலி டேட்டா திண்ணையில் கிடக்கிறது. ஒன்று, அதை உங்கள் டாக்குமென்ட்ஸுக்குள் மாற்றுங்கள். அல்லது டி-யில் அந்த ஃபோல்டரின் பிராப்பர்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு போய், டிஸேபிள் இன்ஹெரிட்டன்ஸ் கொடுத்துவிட்டு உங்கள் பெயரையும் சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் ரெண்டையும் தவிர மற்றதை எடுத்துவிடுங்கள்.

பாஸ்வேர்டு போட்டும் எழுந்து போகும்போது அப்படியே விட்டுவிட்டுப் போனால் என்ன பிரயோஜனம். விண்டோஸ் கீயோடு எல் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். விரல் பழகும் வரைக்கும் ஸ்கிரீன்சேவரை அஞ்சு நிமிடம் வைத்து, திரும்ப வரும்போது லாகின் கேட்கிற கட்டத்தில் டிக் செய்துவையுங்கள். சைன்-இன் ஆப்ஷன்ஸில் ஸ்லீப்பிலிருந்து எழும்போதும் பாஸ்வேர்டு கேட்கட்டும்.

சரி, எந்தப் பாஸ்வேர்டு? குலசாமி பேரோடு 123, பிள்ளை பேரோடு பிறந்த வருடம், டிஎன் 60-இல் தொடங்கும் வண்டி நம்பர், இந்த மூன்றில்தான் நம் ஊர் மெஷின்கள் பாதிக்கு மேல் திறக்கும் என்பது என் அனுபவம். வீட்டு ஆளைத் தடுக்கப் போடுகிற பாஸ்வேர்டில் வீட்டு விவரத்தை வைக்கலாமா? பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி, மூணு மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்று ஒரு காலத்தில் எல்லோரும் உபதேசம் செய்தோம். தர நிர்ணயம் செய்கிற அமெரிக்க அரசு நிறுவனமான என்ஐஎஸ்டி 2004-இல் வெளியிட்ட வழிகாட்டிதான் அதற்கு மூலம். அதை எழுதிய பில் பர் தான் சொன்னதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017-இல் சொன்னார், நிறுவனமும் அதே வருடம் நீளம்தான் முக்கியம், காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள் என்று திருத்திக்கொண்டது. மாற்றச் சொன்னால் ஜனங்கள் கடைசியில் இருக்கிற 1-ஐ 2 ஆக்குவார்கள், வேறென்ன செய்வார்கள்.

ஆகவே சம்பந்தமில்லாத நாலு அஞ்சு தமிழ் வார்த்தையை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள். எருமை, மணல், கிணறு, பம்பரம் என்கிற மாதிரி. இதையே போட்டுவிடாதீர்கள், நீங்களாகக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்குங்கள். ஒரு எச்சரிக்கை: வாழைப்பழம், மழை, கிழவி மாதிரி ழகரம் வருகிற வார்த்தை வேண்டாம். இன்று இசட்-எச் போட்டு அடிப்பீர்கள், நாளைக்கு எல் போட்டு அடிப்பீர்கள், அப்புறம் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று எனக்குப் போன் வரும். நெடில் வருகிற வார்த்தையும் அப்படித்தான், ஒரு ஏ-வா ரெண்டு ஏ-வா என்கிற குழப்பம். ஒரே விதமாகத்தான் எழுத முடியும் என்கிற வார்த்தையாகப் பாருங்கள்.

எழுத்து என்றதும் ஞாபகம் வருகிறது. குமுளியில் ஒரு பெரியவர், மலையாளி, யாரோ பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள், எல்லாம் போச்சு என்று கண்கலங்காத குறையாக லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அடித்துக் காட்டச் சொன்னேன். நிதானமாக ஒரு விரலால் அடித்தார், தப்பு என்றது. மறுபடியும் அதே. திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தால் கீபோர்டு மலையாளத்தில் நிற்கிறது, பேத்தி ஸ்கூல் பிராஜெக்ட்டுக்குச் சேர்த்தது. நாம் அடிப்பதெல்லாம் வெறும் புள்ளியாகத்தானே தெரியும், எந்த மொழியில் விழுகிறது என்று எப்படித் தெரியும்? ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுத்தேன், உடனே திறந்தது. காசு வாங்கவில்லை, அடுத்த வாரம் பலாப்பழம் வந்தது. தமிழ் 99 கீபோர்டு போட்டிருக்கிறவர்களுக்கும் இதே கதைதான். பாஸ்வேர்டு தப்பு என்றால் முதலில் அந்த மூலை, அப்புறம் கேப்ஸ் லாக், அப்புறம்தான் சந்தேகம்.

லேப்டாப்பில் நாலு இலக்கப் பின் கேட்கிறதே, அது பாஸ்வேர்டைவிட மட்டமில்லையா என்றால், இல்லை. அந்தப் பின் அந்த ஒரு மெஷினில் மட்டும்தான் செல்லும், உள்ளே இருக்கிற டிபிஎம் என்ற சிப்போடு கட்டப்பட்டது. தப்புத் தப்பாக அடித்துக்கொண்டே போனால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும், அதற்கு மேலும் முரண்டு பிடித்தால் சிப் கொஞ்ச நேரத்துக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும். ஆனாலும் நாலு இலக்கம் வேண்டாம், ஆறு வையுங்கள், பக்கத்தில் நிற்கிற பிள்ளைகளுக்குக் கண் கூர்மை.

இப்போது இரண்டாவது ஆளுக்கு வருவோம். லாகின் பாஸ்வேர்டு போட்டுவிட்டேன், யாரும் உள்ளே போக முடியாது என்று ஒரு வியாபாரி என்னிடம் பந்தயம் மாதிரிச் சொன்னார். அவர் முன்னாலேயே செய்து காட்டினேன். விண்டோஸ் மாதிரியே இன்னொரு சிஸ்டமான லினக்ஸ் போட்ட பெண்டிரைவ் ஒன்றைச் செருகி, ஆன் செய்யும்போது எஃப்12 அழுத்தி, அதிலிருந்து மெஷினைக் கிளப்பினேன். டீ வருவதற்குள் லினக்ஸ் திரை வந்துவிட்டது. அவருடைய டிஸ்க்கைச் சொடுக்கினேன், யூசர்ஸ், அவர் பெயர், டாக்குமென்ட்ஸ், அங்கே அவர் மகளின் கல்யாண மொய்க் கணக்கு. ஒரு இடத்திலும் பாஸ்வேர்டு கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? பாஸ்வேர்டு கேட்பது விண்டோஸ் என்கிற காவல்காரன், அவனைத் தூங்கவிட்டு நாம் கொல்லைப்புறமாக வந்துவிட்டோம். டிஸ்க்கில் எழுதியிருப்பது யார் வந்து படித்தாலும் படிக்கிறபடிதான் கிடக்கிறது. நாலு திருகைக் கழற்றி டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டினாலும் இதே கதைதான்.

விண்டோஸ் கிளம்புவதற்கு முன்பே ஓடுகிற பயாஸ் செட்டிங்கில் பாஸ்வேர்டு போட்டு, பெண்டிரைவிலிருந்து கிளம்புவதைத் தடுக்கலாம். பெண்டிரைவ் ஆளுக்கு அது கொஞ்சம் வேலை வைக்கும். ஆனால் பழைய டெஸ்க்டாப் பலவற்றில் மதர்போர்டில் இருக்கிற அந்த நாணயம் மாதிரி பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ, ஜம்பர் என்கிற குட்டி இணைப்பை மாற்றினாலோ அது அழிந்துவிடும். லேப்டாப்பில் அப்படி எளிதாக அழியாது. அந்தக் காரணத்துக்காகவே லேப்டாப்பில் அதைப் போட்டு மறந்தால் உங்கள் பாடு திண்டாட்டம்.

நிஜமான பூட்டு என்கிரிப்ஷன்தான். டிஸ்க்கில் இருக்கிற எழுத்தையே கலைத்துப் போட்டுவிடும், சாவி இல்லாதவனுக்கு அது குப்பை. விண்டோஸ் புரோ என்றால் பிட்லாக்கர், ஹோம் என்றால் மெஷினுக்குத் தகுதி இருந்தால் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று செட்டிங்ஸில் இருக்கும். மேலே போய் வருகிற அந்த லேப்டாப்புக்கு இது கட்டாயம். ஜீப்பில் மறந்து வைத்தாலும், பஸ்ஸில் யாராவது எடுத்துக்கொண்டு போனாலும், போனது இரும்பும் பிளாஸ்டிக்கும் மட்டும்தான்.

ஆனால், தம்பி, இதை நீங்கள் போடாமலே அது போட்டிருக்கலாம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்தால் தகுதியுள்ள மெஷினில் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. அதற்கு 48 இலக்க ரெகவரி கீ ஒன்று உண்டு, அது அந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. போன துலா மழையில் இடி விழுந்து ஒரு லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது, போர்டை மாற்றி ஆன் செய்தால் நீலத் திரையில் அந்த 48 இலக்கம் கேட்கிறது. சிப் பழைய போர்டோடு போய்விட்டதே, கேட்கத்தான் செய்யும். உங்கள் மைக்ரோசாஃப்ட் மெயில் ஐடி என்ன என்றேன், எனக்கு அப்படி ஒன்றே கிடையாதே என்றார். விசாரித்தால், வாங்கின கடையில் பையன் பில் போடுகிற அவசரத்தில் கடையின் மெயில் ஐடியையே போட்டு செட்டப் முடித்திருக்கிறான். சாவி கடையின் கணக்கில், அந்தப் பையன் வேலையை விட்டு எர்ணாகுளம் போயாச்சு. மூணு வாரம் அலைந்து அந்த ஐடியின் பாஸ்வேர்டைப் பிடித்தோம். நல்லவேளை கிடைத்தது, கிடைக்காவிட்டால் டிஸ்க்கை ஃபார்மேட் செய்வதைத் தவிர நானும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஆகவே இன்றைக்கே லேப்டாப்பில் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ் திறந்து மேலே எந்த மெயில் ஐடி நிற்கிறது என்று பாருங்கள். உங்களுடையது என்றால் அதில் நுழைந்து டிவைசஸ் பக்கத்தில் ரெகவரி கீயை எடுத்துப் பேப்பரில் எழுதுங்கள். வேறு யாருடையதோ என்றால் முதல் வேலை அதை மாற்றுவது.

பேப்பரில் எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம். மானிட்டர் ஓரத்தில் ஒட்டாதீர்கள், அவ்வளவுதான். தோட்டத்துப் பத்திரம் பீரோவில் எந்த உறையில் இருக்கிறதோ அதே உறையில் வையுங்கள். அதைத் திருட வருகிறவனுக்கு உங்கள் பாஸ்வேர்டு பெரிதாகத் தெரியாது. நான் இதைக் கௌரவம் பார்த்து எழுதாமல் விட்டவன். பல வருடம் முன்பு என் கடைக் கணக்குக்கே டாலி வால்ட், அதாவது டாலிக்குள்ளேயே இருக்கிற என்கிரிப்ஷன் பூட்டு, அதன் பாஸ்வேர்டைப் போட்டு, தொழில்காரன் எழுதி வைப்பானா என்று தலையில் வைத்துக்கொண்டேன். நடுவில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஒரு மாதம் தேனி ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்து உட்கார்ந்தால், கடைசி ரெண்டு எழுத்து வரவில்லை. டாலி வால்ட் மறந்தால் டாலிக்காரர்களாலும் திறந்து தர முடியாது, அதன் அமைப்பே அப்படி. ஒரு வருடக் கணக்கை பில் புக்கைப் பார்த்துப் பார்த்து மறுபடி ஏற்றினேன்.

உங்கள் பழைய டெஸ்க்டாப்பில் டிவைஸ் என்கிரிப்ஷன் பெரும்பாலும் இருக்காது. கவலையில்லை, டாலி டேட்டாவுக்கு டாலி வால்ட் போடுங்கள், பேப்பரோடு. மற்ற ஃபைல்களுக்கு வெராகிரிப்ட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, டிஸ்க்குக்குள்ளேயே பாஸ்வேர்டு போட்ட ஒரு பெட்டி செய்துகொள்ளலாம், திறந்தால் தனி டிரைவ் மாதிரி வரும், மூடினால் ஒரே ஒரு புரியாத ஃபைல். இவ்வளவும் செய்துவிட்டு பேக்கப் பெண்டிரைவைப் பூட்டாமல் மேஜை டிராயரில் போட்டுவைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதையும் அந்த பீரோவுக்கு அனுப்புங்கள்.

இன்னும் மூன்று பின்வாசல்கள். ஒன்று, எனிடெஸ்க் மாதிரி ரிமோட் மென்பொருள். டாலி சரி செய்ய யாரோ ஒருவர் தூரத்திலிருந்து நுழைந்துவிட்டு, ஆள் இல்லாமலே நுழைகிற பாஸ்வேர்டு ஒன்றை அதில் வைத்துவிட்டுப் போயிருப்பார். உங்கள் மவுஸ் இடம் மாறியதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். வேலை முடிந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். இரண்டாவது, கடைக்காரர் போட்டுவைத்த கூடுதல் அட்மின் அக்கவுண்ட், அதர் யூசர்ஸில் தெரியாத பெயர் இருந்தால் நீக்குங்கள். மூன்றாவது, பிரவுசர். குரோமில் சேமித்த பாஸ்வேர்டைப் பார்க்கப் போனால் அது விண்டோஸ் பாஸ்வேர்டைத்தான் கேட்கும், விண்டோஸுக்கே பாஸ்வேர்டு இல்லையென்றால் அந்தக் கதவும் திறந்த கதவு. இத்தனை நாள் அப்படித்தான் இருந்திருக்கிறது, ஆகவே அப்பாவின் பேங்க் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள், மாற்றியதைப் பிரவுசரில் சேமிக்காதீர்கள்.

அக்கவுண்ட் பாஸ்வேர்டு மறந்தால் ஓடிபி வரும் என்று நம்பி இருக்காதீர்கள், அது நம் மலைக்குச் சரிப்படாது. லோயர் கேம்ப் தாண்டி ஏறும்போதே சிக்னல் போய்ப் போய் வரும், உள்ளே காய் உலர்த்துகிற ஸ்டோர் பக்கம் சுத்தமாக இருக்காது, நீங்கள் குமுளிக்கு இறங்கி வருவதற்குள் ஓடிபி காலாவதி. மீட்புக்கு இன்னொரு மெயில் ஐடியும் சேர்த்துவையுங்கள்.

பேங்கில் பணம் ஏதாவது போயிருந்தால் கேரளாவா தமிழ்நாடா என்று யோசித்துக்கொண்டு நிற்காமல் 1930-க்கு அடியுங்கள், நாடு முழுக்க ஒரே எண். அடுத்தவர் கம்ப்யூட்டரில் அனுமதியில்லாமல், கெட்ட எண்ணத்தோடு நுழைவது ஐடி சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளில் மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம். அக்கா மகனிடம் இதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்.

அப்புறம், டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 10 என்கிறீர்கள். அதற்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. மெஷினின் மாடலும் எத்தனை ஜிபி ரேம் என்றும் பார்த்து எழுதுங்கள், அதில் 11 ஏறுமா, இல்லை பேங்க் வேலையை மட்டும் லேப்டாப்புக்கு மாற்றிக்கொள்வது நல்லதா என்று பார்த்துச் சொல்கிறேன்.